கப்பமும் பணயமும்: மைசூர் உடன்படிக்கைகளும் மத்தியதரைக் கடல் உடன்படிக்கைகளும் (1769–1815)

முன்னுரை

1783 செப்டம்பர் 3 அன்று பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையில் அமெரிக்காவின் விடுதலையை பிரிட்டன் ஒப்புக்கொண்டது. ஆறு மாதம் கழித்து, 1784 மார்ச் 11 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனி மங்களூரில் மைசூரின் திப்பு சுல்தானுடன் சமாதானம் செய்துகொண்டது. பிரான்சும் பிரிட்டனும் உலகின் பல கடல்களில் மோதிக்கொண்ட ஒரே போரின் இரு முடிவுகள் இவை. அப்போரில் அமெரிக்கக் குடியேற்றங்களும் மைசூரும் பிரான்சின் பக்கம் நின்றன.

இந்த உறவை அமெரிக்கர் அன்றே அறிந்திருந்தனர். பென்சில்வேனியா அரசு அமர்த்திய போர்க்கப்பல் ஒன்றுக்கு, மைசூரை ஆண்ட திப்புவின் தந்தையின் பெயரால் ‘ஹைதர் அலி’ என்று பெயர். ஜோஷுவா பார்னியின் தலைமையில் 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் அக்கப்பல், தன்னைவிட வலிய ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் அமெரிக்கா, மைசூர் ஆகிய இரு அரசுகளும் ஒரே சிக்கலில் விழுந்தன. எதிரிக்குப் பணம் கொடுத்து அமைதி வாங்க நேர்ந்தது. பிணையாளிகளை மீட்க நேர்ந்தது. கடற்படை இல்லாத குறை உறைத்தது. முடிவு மட்டும் நேர்மாறாக அமைந்தது. அதற்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடற்கொள்ளை என்ற குற்றச்சாட்டு

இந்தியாவின் மேற்குக் கரையில் கடலுக்கு அனுமதிச்சீட்டு விற்கும் வழக்கத்தைத் தொடங்கியவர்கள் போர்த்துகீசியர். அவர்களது ‘கர்த்தாஸ்’ இல்லாத கப்பல் பறிமுதலுக்கு உள்ளானது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரே அதே முறையைக் கையாண்டு, தம் அனுமதிச்சீட்டைக் கேட்டார். கம்பெனி ஆவணங்கள் அவரைக் கடற்கொள்ளையர் என்றே குறித்தன. மராட்டிய அரசுக்கோ அவர் தளபதி. 1729இல் அவர் இறந்த பின் குடும்பம் பிளவுபட்டது. 1755இல் சுவர்ணதுர்க்கத்தை கமடோர் வில்லியம் ஜேம்ஸும், 1756இல் விஜயதுர்க்கத்தை அட்மிரல் வாட்சனும் ராபர்ட் கிளைவும் கைப்பற்றினர். இவ்விரு தாக்குதல்களிலும் மராட்டியப் பேஷ்வாவே கம்பெனிக்குத் துணைநின்றார் என்பது கவனிக்கத்தக்கது.

வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ், தூனிஸ், திரிப்பொலி ஆகியவற்றின் நிலையும் இத்தகையதே. பெயரளவில் உதுமானியப் பேரரசுக்கு உட்பட்ட இவ்வரசுகள், உடன்படிக்கை செய்துகொள்ளாத நாடுகளின் கப்பல்களைப் பிடித்து மாலுமிகளைச் சிறைவைத்தன. பிரிட்டன் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பரிசுகளும் பணமும் கொடுத்து அமைதி பெற்றன. கடலில் கட்டணம் கேட்டவர் அரசரா கொள்ளையரா என்பதை அவரவர் பீரங்கி வலுவே தீர்மானித்தது.

வென்றவர் கை எழுதிய உடன்படிக்கைகள்

1758 வாக்கில் பெங்களூரைச் சாகீராகப் பெற்ற ஹைதர் அலி, கெம்பே கவுடா கால மண்கோட்டையைக் கல்கோட்டையாக மாற்றினார். 1763இல் பெட்னூரை வென்றதும் மங்களூர் உள்ளிட்ட கன்னடக் கரைத் துறைமுகங்கள் அவர் வசமாயின. உள்நாட்டு அரசாக இருந்த மைசூருக்கு அப்போதுதான் கடல் கிடைத்தது.

1769இல் ஹைதரின் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்து நின்றபோது சென்னைக் கவுன்சில் பணிந்தது. வென்ற பகுதிகளைத் திருப்பிக் கொடுப்பது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என அவ்வாண்டு ஏப்ரலில் உடன்பாடு ஏற்பட்டது. சில ஆண்டுகளிலேயே மராட்டியர் மைசூர்மேல் படையெடுத்தனர். கம்பெனி உதவவில்லை. ஹைதர் அதை மறக்கவுமில்லை. பின்னர் மூண்ட போரை முடித்த 1784 மங்களூர் உடன்படிக்கையும் மைசூரின் கை தாழாத நிலையிலேயே முடிந்தது. கம்பெனியின் தூதர்கள் சென்னையிலிருந்து ஹைதரின் மகன் திப்புவின் முகாமைத் தேடிச் சென்று பேச வேண்டியிருந்தது. இது கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்குக் கசந்தது.

பெங்களூர் முதல் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை

1781இல் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த காரன்வாலிஸ் பிரபு, பத்தாண்டுகளுக்குள் கவர்னர் ஜெனரலாக மைசூருக்கு எதிராகப் படை நடத்தினார். 1791 மார்ச் 7 அன்று பெங்களூர்ப் பேட்டை வீழ்ந்தது. 21ஆம் தேதி இரவு கோட்டையும் வீழ்ந்தது. கோட்டைத் தலைவர் பகதூர் கான் போரில் மாண்டார். அதன்பின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிய படைக்கு பெங்களூர் பின்தளமாயிற்று.

1792 மார்ச்சில் முடிந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். கம்பெனிக்கு மலபாரும், இன்றைய தமிழகத்தின் திண்டுக்கல்லும், கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகாலும் கிடைத்தன. இழப்பீடு 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அதில் பாதியை உடனே கட்ட வேண்டும். மீதி தீரும்வரை திப்புவின் மைந்தர்கள் அப்துல் காலிக், முயிசுதீன் இருவரும் பணயம். மூத்தவருக்குப் பத்து வயது, இளையவருக்கு எட்டு. அவர்கள் சென்னையில் வைக்கப்பட்டனர். அவர்களைக் காரன்வாலிஸ் ஏற்றுக்கொள்ளும் காட்சி, சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலுள்ள அவர் சிலையின் பீடத்தில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது.

இதே காலத்தில் அமெரிக்காவும் பணம் எண்ணிக்கொண்டிருந்தது. விடுதலையோடு பிரிட்டிஷ் கொடியின் பாதுகாப்பும் போயிற்று. 1786இல் மொராக்கோவுடன் ஆண்டுக் கப்பமின்றி அமைதி கிட்டியது. ஆனால் 1785இல் இரண்டு கப்பல்களையும் 1793இல் மேலும் பதினொன்றையும் அல்ஜியர்ஸ் பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகள் சிறைப்பட்டனர். 1795 செப்டம்பர் 5 உடன்படிக்கையில் அமெரிக்கா 6,42,500 டாலர் கொடுக்கவும், ஆண்டுதோறும் 21,600 டாலர் மதிப்புள்ள கப்பல் தளவாடங்களை அனுப்பவும் இசைந்தது.

பணமும் பிணையாளும் பெற்று அமைதி தருவதை அமெரிக்கரும் ஐரோப்பியரும் வட ஆப்பிரிக்காவின் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதினர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓர் ஐரோப்பியப் படைத்தலைவர் பெற்றதும் பணமும் பிணையாளுமே. அல்ஜியர்ஸில் சிறைப்பட்டவர்கள் கட்டாய வேலை செய்த மாலுமிகள்; சென்னையில் இருந்தவர்கள் மரியாதையோடு நடத்தப்பட்ட இளவரசர்கள். நடத்திய விதத்தில் வேறுபாடு பெரிது. பேரத்தின் அடிப்படை ஒன்றே.

ஒரே மாதம், இரு முயற்சிகள்

1794 மார்ச் 27 அன்று, ஆறு பெரிய போர்க்கப்பல்கள் கட்டும் சட்டத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் ஒப்பமிட்டார். அல்ஜியர்ஸ் சிக்கலே அதற்குக் காரணம். அதே மாத இறுதியில், கடன் தீர்ந்ததால் திப்புவின் மைந்தர்கள் தேவனஹள்ளியில் தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டனர். திப்பு பிறந்த ஊர் அது.

திப்புவும் கடற்படையின் தேவையை உணர்ந்திருந்தார். சுமார் நாற்பது பெரிய போர்க்கப்பல்கள், அவற்றுக்கான தனி நிர்வாகம், கன்னடக் கரையில் கப்பல் கட்டும் துறைகள் என 1796இல் விரிவான ஆணை பிறப்பித்தார். திட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. மலபார்த் துறைமுகங்கள் கைவிட்டுப் போயிருந்தன. கருவூலம் இழப்பீட்டில் கரைந்திருந்தது. கம்பெனி, ஹைதராபாத் நிஜாம், மராட்டியர் மூவரும் எல்லையிலேயே இருந்தனர். அல்ஜியர்ஸின் கப்பல்களோ அமெரிக்கக் கரையை முற்றுகையிடும் நிலையில் இல்லை. கப்பம் கட்டிக்கொண்டே கப்பல் கட்ட அமெரிக்காவுக்கு இயன்றது; முதல் மூன்று கப்பல்கள் 1797இல் கடலில் இறங்கின.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார். கன்னடக் கரையைக் கம்பெனி எடுத்துக்கொள்ள, மைசூர் மீண்டும் கடலற்ற நாடானது. 1801இல் திரிப்பொலி கூடுதல் பணம் கேட்டுப் போர் தொடுத்தபோது அமெரிக்கா கப்பல்களை அனுப்பியது. 1803இல் ‘பிலடெல்பியா’ என்ற அமெரிக்கக் கப்பல் ஏறத்தாழ 300 பேருடன் பிடிபட்டது. 1805இல் 60,000 டாலர் மீட்புப் பணத்துடன், ஆண்டுக் கப்பமின்றி உடன்பாடு ஏற்பட்டது. 1815இல் ஸ்டீபன் டெகாட்டரின் கப்பற்படை அல்ஜியர்ஸ் முன் நின்று, இனிக் கப்பமில்லை என்று எழுதி வாங்கியது.

முடிவுரை

உடன்படிக்கை வாங்கித் தருவது கால அவகாசத்தையே. அந்த அவகாசம் அமெரிக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. இழப்பீடு தீர்ந்த பின் மைசூருக்கு ஐந்தாண்டுதான் கிடைத்தது. எதிரி கடலுக்கு அப்பால் இருந்ததும், எல்லையில் இருந்ததுமே இரு வரலாறுகளையும் பிரித்தன. ஒருவரது துணிவையோ மற்றவரது அறியாமையையோ இதற்குக் காரணமாகக் காட்டுவது சான்றுகளுக்குப் பொருந்தாது. கப்பத்தைக் கிழக்கின் வழக்கம் என்று ஒதுக்குவதும் அவ்வாறே. 1799 ஜூலையில், திப்புவுக்குப் பின் மைசூர் அரியணையில் அமர்த்தப்பட்ட கிருஷ்ணராஜ உடையாருடன் கம்பெனி செய்த உடன்படிக்கை, ஆண்டுக்கு 7 லட்சம் பகோடாவை மைசூர்மேல் சுமத்தியது. அமெரிக்கா அல்ஜியர்ஸுக்குக் கட்டிய கப்பம் இருபதாண்டுக்குள் முடிந்தது. மைசூர் பிரிட்டிஷாருக்குக் கட்டிய தொகை நூறாண்டு கடந்தும் தொடர்ந்தது. 1881இல் பிரிட்டிஷ் நேரடி ஆட்சியிலிருந்து நாடு உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 35 லட்சம் ரூபாயாக அதை உயர்த்தவும் விதிக்கப்பட்டது.