துருவ ஒளியும் கொடைக்கானல் மலையும்: அயனி மண்டல ரேடார் ஆய்வின் வளர்ச்சி

கெங்குவார்பட்டிக்கு அருகே காட்ரோட்டில் தொடங்கும் மலைச்சாலை கொடைக்கானலுக்கு ஏறுகிறது. அங்கே 2,343 மீட்டர் உயரத்தில், 1899இல் நிறுவப்பட்ட வானாய்வகம் இருக்கிறது. ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான். அதே வளாகத்தில் வானொலி அலைகளைக் கொண்டு நடந்த மேல்வளிமண்டல ஆய்வு அவ்வளவாகப் பேசப்படவில்லை. துருவ ஒளியைக் காணவே முடியாத இந்த மலையிலிருந்தும் அதன் மின்விளைவுகளை அளக்க முடியும் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன் 1924இல், வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் மேல்வளிமண்டல மின்னேற்ற அடுக்கான அயனி மண்டலத்தின் இருப்பை நிறுவினார். மறு ஆண்டே அமெரிக்காவில் பிரீட்டும் டூவேயும் வானொலித் துடிப்புகளை மேலே அனுப்பி, அவை திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணித்தனர். 1947இல் பெர்னார்ட் லோவல் குழுவினர் துருவ ஒளியிலிருந்தே ரேடார் எதிரொலிகளைப் பெற்றனர்.

கொடைக்கானலுக்கு 1955இல் சி-3 அயனோசோண்டு வந்தது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்தியபடி துடிப்புகளை அனுப்பும் கருவி இது. 300 கிலோமீட்டர் உயரத்தில் பட்ட துடிப்பு இரண்டு மில்லி விநாடியில் திரும்பிவிடும்.

இடமும் வாகாக அமைந்தது. காந்த நடுக்கோடு இதற்குத் தெற்கே சற்றுத் தொலைவில்தான் செல்கிறது. அக்கோட்டை ஒட்டி, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. சிட்னி சாப்மன் 1951இல் அதற்கு ‘நடுக்கோட்டு மின்தாரை’ என்று பெயரிட்டார். மின்தாரை ஓடும்போது பதிவுப் படத்தில் 100 கிலோமீட்டர் உயரத்தையொட்டி மெல்லிய பூச்சுப்போல ஒரு தடம் விழும். சில நாள் மின்தாரை திசைமாறும். அப்போது அத்தடம் மறைந்துபோகும்.

துருவத்துக்கும் நடுக்கோட்டுக்கும் உள்ள உறவு பெரு நாட்டில் தெளிவானது. அங்கே கென்னத் பவுல்ஸ் குழுவினர் மின்தாரையிலிருந்து பெற்ற எதிரொலிகள் துருவ ஒளியின் எதிரொலிகளை ஒத்திருந்தன. எலெக்ட்ரான்கள் அயனிகளைக் கடந்து மிக வேகமாக ஓடும்போது எழும் நிலைகுலைவே காரணம் என 1963இல் டொனால்ட் ஃபார்லியும் ஆஸ்கர் புனெமனும் தனித்தனியே விளக்கினர். துருவத்திலும் நடுக்கோட்டிலும் காந்த ஏற்றத்தாழ்வுகள் ஒரே கதியில் நிகழ்வதை 1968இல் ஜப்பானின் அட்சுஹிரோ நிஷிடா காட்டினார். துருவப் பகுதி மின்புலம் நடுக்கோடு வரை பரவுகிறது என்பதே அதன் பொருள்.

அந்த மின்புலம் நிமிடங்களில் வந்துபோகும். பதினைந்து நிமிட இடைவெளிப் பதிவில் அது சிக்காது. கொடைக்கானலில் உள்நாட்டிலேயே கட்டப்பட்ட உயர் அதிர்வெண் டாப்ளர் ரேடார் இந்தக் குறையைப் போக்கியது. மாறாத அதிர்வெண்ணில் அலையைச் செங்குத்தாக அனுப்பினால், அயனி அடுக்கு மேலேறும்போது எதிரொலியின் அதிர்வெண் குறையும்; கீழிறங்கும்போது கூடும். அந்த வேறுபாட்டிலிருந்து அடுக்கின் வேகமும், அதை நகர்த்தும் மின்புலமும் தெரியவரும். ஹனுமத் சாஸ்திரி போன்ற ஆய்வாளர்கள் இந்த ரேடாரைக் கொண்டு, சூரியக் காற்றின் அதிர்வலை பூமியின் காந்த மண்டலத்தில் மோதும் தருணத்தில் அடுக்கு சட்டென அசைவதைப் பதிவு செய்தனர். 1993இல் வந்த டிஜிட்டல் அயனோசோண்டு, இடைவெளியை ஐந்து நிமிடமாகக் குறைத்தது.

டாப்ளர் ரேடார் சொல்வது தலைக்கு நேர்மேலுள்ள அசைவை மட்டுமே. தாழ்ந்த அடுக்குகளின் காற்றோட்டத்தை 1992 முதல் திருநெல்வேலியின் 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் அளந்தது. திருப்பதிக்கு அருகேயுள்ள கடங்கியில் 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார், அடிவளிமண்டலத்திலிருந்து அயனி மண்டலம் வரை ஆராய்கிறது.