கோலக் கலையும் இணையக் கலைக்களஞ்சியமும்

தமிழிற் கலைக்களஞ்சியம் காண எழுந்த முயற்சிகளுள் தலைசிறந்தது, பெரியசாமித் தூரன் முதன்மையாசிரியராக விளங்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளியிட்டதாகும். பிற்காலத்துத் தோன்றிய மற்றொரு பெருமுயற்சி, 2003இல் இணையத்திற் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. முன்னது ஆசிரியர் குழுவின் பொறுப்பில் அச்சேறியது. பின்னது எவரும் எழுதவும் எவரும் திருத்தவும் இடந்தருவது. இன்று மாணவர் முதலில் நாடுவது பின்னதனையே. ஆதலின் அதனை எவ்வளவு நம்பலாம் என ஆராய்தல் வேண்டும். ஈண்டுக் கோலக் கலை ஒன்றனையே சான்றாகக் கொண்டு ஆராய்வாம்.

இத்தகைய ஆய்வு முன்னரும் நிகழ்ந்ததுண்டு. 2005இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ், ஆங்கில விக்கிப்பீடியாவின் 42 அறிவியற் கட்டுரைகளைப் பிரித்தானியக் கலைக்களஞ்சியக் கட்டுரைகளோடு ஒப்பிட்டது. கட்டுரை ஒன்றுக்கு முன்னதில் ஏறத்தாழ நான்கு பிழைகளும் பின்னதில் மூன்று பிழைகளும் காணப்பட்டன. இம்முடிவு அறிவியலுக்குப் பொருந்தும். கைவினைக்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் இயலாது. அறிவியலுக்கு அச்சிட்ட நூல்கள் மிகுதி. கோலமோ காலையில் இட்டு மாலைக்குள் அழிவது. தாய் கையிலிருந்து மகள் கைக்குச் செல்வது.

கோலத்தைப் பற்றிய கூற்றுகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, செய்முறை பற்றியது. '15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை' என்றால், நடுவரிசையில் 15 புள்ளியிட்டு, இருபுறமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து 8இல் நிறுத்துதல் வேண்டும். வரிசைகள் 15, புள்ளிகள் 169. இக்கூற்று சரியா தவறா என்பதை மாவெடுத்துத் தரையில் இட்டுப் பார்த்தே அறியலாம். இவ்வகையிற் பிழை நெடுநாள் நில்லாது. கோலமறிந்தார் எவரேனும் திருத்திவிடுவர்.

இரண்டாவது, ஆய்வு வரலாறு பற்றியது. ஜான் லேயார்டு 1937இல் இலண்டன் 'ஃபோக்லோர்' இதழில் தென்னிந்திய வாயிற்கோலங்களைப் பற்றி எழுதியதும், கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோல வடிவங்களுக்குக் கணினியியல் இலக்கணம் வகுத்ததும் அச்சுச் சான்றுடையன. மூல இதழை எடுத்து ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

மூன்றாவது, தோற்றம் பற்றியது. இடர் மிகுந்தது இதுவே. 'ஐயாயிரம் ஆண்டுப் பழமை', 'சங்ககாலம் முதல் இடையறாதது' என்றாற் போன்ற தொடர்கள் எளிதில் எழுதப்பெறுகின்றன. பழந்தமிழ் நூல்களிற் 'கோலம்' என்னுஞ் சொல் அழகு, ஒப்பனை, வடிவு என்னும் பொருள்களில் வழங்கும். சொல் உண்மையால் தரையிலிடும் கோலமும் அன்று உண்டெனல் பொருந்தாது. நாச்சியார் திருமொழியின் முதற்பதிகத்தில் ஆண்டாள் தைத்திங்களில் தரை விளக்கி மண்டலமிடுதலையும், நுண்மணலால் தெருவை அணிசெய்தலையும் குறிக்கின்றார். இது தக்க சான்றே. எனினும் ஆங்குக் கூறப்படுவது மணல், அரிசிமாவு அன்று. புள்ளியும் சிக்கும் ஆங்குக் கூறப்படவில்லை. சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே நாமும் சொல்லுதல் முறை.

மத்தூரை உள்ளிட்ட கிருட்டிணகிரி மாவட்டம் இவ்வாய்வுக்கு உரைகல்லாக அமைகின்றது. கன்னட, ஆந்திர எல்லைகளை ஒட்டிய இப்பகுதியில் தமிழர் 'கோலம்' என்பதனைத் தெலுங்கர் 'முக்கு' என்றும், கன்னடர் 'ரங்கோலி' என்றும் வழங்குவர். எனவே, இக்கலை ஒரு மொழியார்க்கே உரியது என்று ஒரு கட்டுரை கூறுமாயின், அதன் ஆசிரியர் எல்லைப்புற வாயில்களைக் கண்டிலர் எனலாம். இம்மாவட்டத்து மல்லப்பாடியில் வெண்ணிறப் பாறை ஓவியங்கள் உள்ளன. நிறம் ஒத்தமையால் அவையே கோலத்தின் மூலம் என முடிவு கட்டுதலும் வழுவேயாம். ஒப்புமை வேறு, வழிவழி வருதல் வேறு.

இனி, பிழை புகுந்த வழியை அறிதல் எங்ஙனம்? உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் கண்டார். எவர், எந்நாளில் பாடத்தை மாற்றினார் என்பதைச் சுவடி சொல்லாது. விக்கிப்பீடியாவோ ஒவ்வொரு திருத்தத்தையும் நாளும் நேரமும் குறித்துத் தன் 'வரலாறு' பக்கத்திற் காத்து வைக்கின்றது. ஐயத்திற்குரிய தொடர் எந்நாளிற் புகுந்தது, அன்று மேற்கோள் இருந்ததா, பின்னர் ஒட்டப்பட்டதா என்பவற்றை அங்கே காணலாம். மேற்கோளாகக் காட்டிய நாளிதழ்க் கட்டுரை அத்தொடருக்குப் பிந்தியதாயின், அஃது இக்களஞ்சியத்திலிருந்தே எடுத்ததாகவும் இருத்தல் கூடும். தன் நிழலையே தனக்குச் சான்றாகக் காட்டும் இவ்வட்டத்தை மாணவர் அறிதல் வேண்டும்.

மற்றொரு குறை, பிழையினும் பெரியது. வெளியிடப்பெற்ற ஆதாரம் இல்லாத செய்தியை ஏற்பதில்லை என்பதும், எழுதுவோர் தம் சொந்த ஆய்வைப் புகுத்தலாகாது என்பதும் விக்கிப்பீடியாவின் நெறிகள். இவை பொய்யைத் தடுப்பன, வேண்டற்பாலன. ஆயினும், நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் கோலமிட்ட ஒரு மூதாட்டியின் அறிவு இந்நெறிக்குள் நுழைய வழியில்லை. மேலோட்டமாக எழுதிய நாளிதழ்க் குறிப்புச் சான்றாகின்றது. அக்குறிப்பு எவரைப் பற்றியதோ அவர் சொல் சான்றாவதில்லை. இக்குறைக்குக் களஞ்சியத்தைப் பழித்துப் பயனில்லை. அவ்வறிவைத் தொகுத்து அச்சிடாத பழி நம் தமிழ்த்துறைகளைச் சாரும்.

ஆதலின், கோலம் பற்றிய இணையக் கட்டுரையைச் செய்முறையில் இட்டுப் பார்த்தும், ஆய்வு வரலாற்றில் மூலத்தோடு ஒப்பிட்டும், தோற்றம் பற்றிய பகுதியில் ஐயுற்றும் கொள்க. அஃது ஆய்வின் வாயிலே அன்றி முடிவிடம் அன்று. மாணவர் தத்தம் ஊர்க் கோலங்களைப் பெயர், புள்ளிக்கணக்கு, இடும் நாள், இடுவோர் கூறும் விளக்கம் என்பவற்றோடு தொகுப்பாராக. துறை இதழ்கள் அவற்றை வெளியிடுமாக. அன்று அம்மூதாட்டியின் சொல்லும் மேற்கோளாகும்.