காட்சியும் கருதலும்: வகுப்பறை விளையாட்டில் ஊகப் பயிற்சி

அளகாபுரி அரசனையும் அவனுடைய நான்கு மந்திரிகளையும் பற்றித் தமிழில் வழங்கும் பழங்கதையில், காணாமற்போன ஒட்டகத்தைத் தேடிவரும் வணிகன் ஒருவனை வழியில் சந்திக்கும் நான்கு இளைஞர், அவ்வொட்டகத்தைக் கண்ணாலும் பாராதவராயிருந்தும், அது ஒரு கால் முடம் என்றும், வலக்கண் குருடு என்றும், வால் குட்டை என்றும், வயிற்றுவலியால் வருந்துவது என்றும் ஆளுக்கொன்றாகச் சொல்லிக் களவுப்பழிக்கு ஆளாகி, பின் அரசன் முன்னிலையில் காரணம் காட்டி மீள்கின்றனர். மூன்று கால்களின் சுவடே பதிந்திருந்தமையால் முடம். இடப்பக்கத்துத் தழைகள் மட்டும் கடிபட்டிருந்தமையால் வலக்கண் குருடு. வழியில் சிந்தியிருந்த குருதித் துளிகள் கொசுக்கடியால் வந்தவை, நீண்ட வாலாயின் கொசுவை ஓட்டியிருக்கும், ஆகவே வால் குட்டை. முன்னங்கால்கள் அழுந்தியும் பின்னங்கால்கள் பட்டும் படாமலும் பதிந்திருந்தமையால் வயிற்றுவலி. இதற்கு உறவான கதையொன்று, இலங்கையின் பழம்பெயரைத் தாங்கி, செரண்டிப்பின் மூன்று இளவரசர் கதையாக 1557-ல் வெனிஸ் நகரில் அச்சேறிற்று. வால்டேர் தமது 'ஜாடிக்' என்னும் நூலில் அவ்வுத்தியைக் கையாண்டார். ஆங்கில உயிரியலாரான ஹக்ஸ்லியோ, மறைந்துபோன ஜீவராசிகளை அவற்றின் எச்சங்களைக்கொண்டு அறியும் விஞ்ஞானங்கள் யாவும் ஜாடிக்கின் முறையையே பின்பற்றுகின்றன என்று 1880-ல் வாதித்தார்.

கவனித்தலையும் ஊகித்தலையும் விளையாட்டின் வாயிலாகக் கற்பிக்க விழையும் ஆசிரியர் இக்கதையை மாணவருக்குச் சொல்வது நன்று. ஆனால் நால்வரின் புத்திநுட்பத்தை மெச்சுவதோடு நின்றுவிடலாகாது. அந்நான்கு ஊகங்களும் ஒரே தரத்தன அல்ல. முதலாவது சுவட்டை ஒட்டியே நிற்கிறது. இரண்டாவதை, வலப்பக்கத்து மரங்கள் ஒட்டகம் தின்ன விரும்பாதவையாக இருக்கலாமே என்று மறுக்க இடமுண்டு. மூன்றாவதோ, குருதியிலிருந்து கொசுவுக்கும் கொசுவிலிருந்து வாலுக்குமாக இரண்டு தாவல் தாவுகிறது. பாதத்தில் முள் தைத்த ஒட்டகமாயின், குருதிக்கும் முடத்துக்கும் அந்த ஒரு முள்ளே காரணமாகிவிடும், வாலைப்பற்றிய பேச்சே எழாது. நான்காவதை ஊகம் என்பதைவிடக் குறி சொல்லுதல் என்பதே பொருந்தும். இருந்தும் நால்வரும் வெல்வது, ஒட்டகத்தைப் படைத்தவன் கதாசிரியன் என்பதனால்தான். வகுப்பறையில் அந்தக் கதாசிரியனுடைய ஆசனத்தில் ஆசிரியர் அமர்ந்துவிடுகிறார். விடை அவரிடம் இருப்பதை உணர்ந்த மாணவன், எதிரிலுள்ள சான்றைப் பார்ப்பதை விட்டு அவர் முகக்குறிப்பைப் பார்க்கத் தலைப்படுகிறான். ஆகவே, கண்டதையும் கருதியதையும் வேறுபிரித்துக் காட்டுவதும், தவறான ஊகத்தை ஆசிரியரின் வாயால் அன்றிச் சான்றினாலேயே வீழ்த்துவதுமான விளையாட்டே இப்பயிற்சிக்கு உரியது என்பதும், ஏனையவை பொழுதுபோக்கேயன்றிப் பயிற்சி ஆகா என்பதும் என் கருத்து.

பள்ளிகளிலும் சாரணர் முகாம்களிலும் பெருவழக்காக உள்ள 'கிம் விளையாட்டை' இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். தட்டில் பரப்பிய இருபது முப்பது சிறு பொருள்களை ஒரு நிமிஷம் காட்டி மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதச்சொல்லும் இவ்விளையாட்டைப் பேடன்பவல் 1908-ல் தமது சாரணர் நூலில் பரப்பினார். அதன் மூலம் கிப்ளிங்கின் 'கிம்' என்னும் 1901-ஆம் ஆண்டு நாவல். அந்நாவலைப் படித்தோர் ஒன்றை நினைவுகூர வேண்டும்: சிம்லாவில் இரத்தினக் கற்களைத் தட்டிலிட்டுச் சோதித்த லர்கன் துரை அதனோடு அமையாமல், அன்றன்று கடைக்கு வந்துபோன மனிதரின் முகம், பேச்சு, நடை ஆகியவற்றைக்கொண்டு அவர்களுடைய குணத்தையும் வந்த காரியத்தையும் பற்றித் தம் கருத்தைச் சொல்லுமாறு மாலையில் சிறுவரைக் கேட்பார். தட்டும் கற்களும் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தன; மாலை விசாரணை வந்து சேரவில்லை. எஞ்சியிருப்பது ஞாபகசக்திப் பயிற்சி. அதுவும் வேண்டுவதே, எனினும் அதனை அனுமானப் பயிற்சி என்று மயங்குவது பெரும் பிழை.

இவ்விரண்டையும் பிரித்தறியத் தமிழ் மாணவனுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் பௌத்த தருக்கத்தை உபதேசிக்கையில், பிரமாணங்களைக் காட்சி, கருதல் என்னும் இரண்டாகவே வகுக்கிறார். கரும்பலகையை நடுவே கோடிட்டு, ஒருபுறம் 'கண்டது' என்றும் மறுபுறம் 'கருதியது' என்றும் தலைப்பிட்டாலே விளையாட்டு தொடங்கிவிடும். வீட்டு வாசல் ஈரமாயிருக்கிறது என்பது கண்டது. இரவு மழை பெய்தது என்பது கருதியது. சாணம் கரைத்து வாசல் தெளித்திருக்கக் கூடாதா என்று அடுத்த பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி வினவும்போது, முதல் மாணவன் கூரையும் தெருவும் நனைந்திருக்கின்றனவா என்று பார்க்கப் புறப்படுகிறான். அவன் எழுந்து செல்லும் அந்தக் கணத்தைத்தான் நான் கல்வி என்று கருதுகிறேன்.

ஆனால் எல்லோரும் அவ்வாறு எழுந்து செல்வதில்லை. பீட்டர் வேசன் என்னும் ஆங்கில மனநூலார் 1960-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், 2, 4, 6 என்னும் மூன்று எண்களைத் தந்து, அவை எந்த விதிக்கு அடங்குவன என்பதை, வேறு மும்மூன்று எண்களைத் தாமே சொல்லிக் கேட்டறியுமாறு இருபத்தொன்பது மாணவரைப் பணித்தார். 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் தம் கருத்துக்கு இசைந்தவற்றையே அடுக்கிக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' என்ற விடை பெற்று, இரண்டிரண்டாக ஏறும் எண்கள் என்று துணிந்து கூறிப் பிழைத்தோர் பலர். வேசன் மனத்துள் வைத்திருந்த விதியோ, எண்கள் ஏறுவரிசையில் அமைய வேண்டும் என்பது மட்டுமே. முதற்கூற்றிலேயே விதியைச் சரியாகச் சொன்னவர் அறுவர். 1, 2, 3 என்றோ 6, 4, 2 என்றோ, தம் கருத்தை உடைக்கவல்ல எண்களைச் சொல்லிப் பார்க்கும் துணிவே அங்கு வேண்டியிருந்தது. காகிதத்துண்டு ஒன்றே போதுமான இவ்விளையாட்டை எந்தக் கிராமப் பள்ளியிலும் நடத்தலாம். 'இல்லை' என்ற விடையைப் பெற்ற மாணவனுக்கே மதிப்பெண் என்று ஏற்பாடு செய்துகொண்டால் அதன் பயன் மிகும்.

இறுதியாக ஒன்று. அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம் 1998-ல் ஆசிரியர்களுக்கென வெளியிட்ட நூலில், மேசைமீது வைத்த கனசதுரத்தின் ஐந்து முகங்களைப் பார்த்து, அடிமுகத்தில் இருப்பது யாது என்று மாணவர் ஊகிக்கும் பயிற்சி ஒன்று உண்டு. விளையாட்டு முடிந்ததும் கனசதுரத்தைத் தூக்கிக் காட்டிவிடலாமே, குழந்தைகள் ஏமாறுவார்களே என்று நல்லெண்ணமுடைய ஆசிரியர் சிலர் கேட்கக்கூடும். காட்டலாகாது என்பதே என் விடை. ஏமாற்றம் உண்மையே, அதைப் பொறுத்துக்கொண்டு, எந்த முகம் வேறாக இருந்திருந்தால் உன் கருத்தைக் கைவிட்டிருப்பாய் என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்னும் அம்மையார், 1929-ல் நியூஜிலாந்தில் நேர்ந்த பூகம்பத்தின் அலைகள், பழைய கொள்கையின்படி எட்டக்கூடாத தூரத்து நிலையங்களில் பதிவாகியிருந்ததைக் கண்டு, பூமியின் மையத்தில் தனியொரு உட்கரு இருத்தல் வேண்டும் என்று 1936-ல் எழுதினார். அவருக்கும் பூமியைத் தூக்கி அடிமுகத்தைக் காட்டுவார் எவருமிலர். அலைகளின் பதிவுகள் மட்டுமே மேசைமீது இருந்தன.