சர்வதேச நீதிமன்ற நீதிபதித் தேர்தல்: நாடுகளின் ஆதரவு முடிவாகும் விதம்

தி ஹேக் நகரில் இயங்கும் சர்வதேச நீதிமன்றத்தில் 15 நீதிபதிகள் உள்ளனர். பதவிக்காலம் 9 ஆண்டுகள். மூன்றாண்டுக்கு ஒருமுறை 5 இடங்களுக்குத் தேர்தல் நடக்கிறது. ஐ.நா. பொதுச்சபையும் பாதுகாப்புச் சபையும் ஒரே வேளையில் தனித்தனியாக வாக்களிக்கின்றன. இரண்டிலும் அறுதிப் பெரும்பான்மை பெறுபவரே நீதிபதி. பாதுகாப்புச் சபையில் 8 வாக்குகள் போதும். இந்தத் தேர்தலில் வீட்டோ செல்லாது. நீதிமன்றச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, நாட்டைப் பாராமல் நன்னடத்தையையும் சட்டப் புலமையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நாடுகள் போடும் கணக்கோ பெரும்பாலும் வேறு. அந்தக் கணக்கை வாக்குப்பெட்டியிலிருந்து விரட்ட முடியாது. வேட்பாளர் நியமிக்கப்படும் கட்டத்தில்தான் அதற்கு அணை போட முடியும்.

ஒரு வெளியுறவு அமைச்சகத்தின் மேசைக்கு நீதிபதித் தேர்தல் தனியாக வருவதில்லை. மனித உரிமைப் பேரவை, சர்வதேசச் சட்ட ஆணையம், கடல் சட்டத் தீர்ப்பாயம், பாதுகாப்புச் சபையின் தற்காலிக இடங்கள் என்று அடுத்தடுத்துத் தேர்தல்கள் வருகின்றன. 'இதில் எங்களை ஆதரியுங்கள், அதில் உங்களை ஆதரிக்கிறோம்' என்ற கொடுக்கல் வாங்கல் தூதரகங்களின் அன்றாட வேலை. ரூத் மெக்கன்சி, கேட் மாலிசன், பென்னி மார்ட்டின், பிலிப் சாண்ட்ஸ் ஆகியோர் சர்வதேச நீதிபதிகளின் தேர்வு குறித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இப்படிப்பட்ட வாக்குப் பரிமாற்றத்தை விரிவாகப் பதிவு செய்தது. இதோடு வட்டார அணி, பழைய காலனி உறவு, பொது மொழி ஆகியவையும் சேர்கின்றன. வேட்பாளரின் தீர்ப்புகளைப் படித்து முடிவெடுக்கும் நாடுகளும் உண்டு. ஆனால் சில அதிகாரிகளை மட்டுமே கொண்ட சிறிய தூதரகத்துக்கு அது எளிதல்ல. வாக்கெடுப்பு ரகசியமானது என்பதால், கொடுத்த உறுதிமொழி காப்பாற்றப்பட்டதா என்று யாராலும் சரிபார்க்கவும் முடியாது.

2017-ஆம் ஆண்டுத் தேர்தல் இந்த அரசியல் கணக்கைத் தெளிவாகக் காட்டுகிறது. 5 இடங்களுக்கு 6 பேர் போட்டியிட்டனர். நவம்பர் 9-இல் நான்கு பேர் தேர்வாயினர். அவர்களில் ஒருவரான லெபனானின் நவாஃப் சலாம் ஆசிய அணியைச் சேர்ந்தவர் என்பதால், மேற்கத்திய அணியின் வழக்கமான இடமே பணயத்துக்கு வந்தது. மிஞ்சிய ஓர் இடத்துக்கு இந்தியாவின் தல்வீர் பண்டாரியும் பிரிட்டனின் கிறிஸ்டோபர் கிரீன்வுட்டும் மோதினர். இருவரும் பதவியில் இருந்த நீதிபதிகள். இருவரின் தகுதியும் அந்தச் சில நாட்களில் மாறிவிடவில்லை. ஆயினும் பொதுச்சபை சுற்றுக்குச் சுற்று பண்டாரியையும் பாதுகாப்புச் சபை கிரீன்வுட்டையுமே முன்னிறுத்தின. அதே ஆண்டு ஜூனில்தான், பிரிட்டன் வசமிருந்த சாகோஸ் தீவுகள் பற்றி நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் தீர்மானத்தை, பிரிட்டனின் எதிர்ப்பை மீறிப் பொதுச்சபை 94-க்கு 15 என்ற கணக்கில் நிறைவேற்றியிருந்தது. நவம்பர் 20-இல் பிரிட்டன் விலகிக்கொண்டது. பண்டாரி பொதுச்சபையில் 183 வாக்குகளும் பாதுகாப்புச் சபையில் 15 வாக்குகளும் பெற்றார். 1946-க்குப் பிறகு முதல்முறையாகப் பிரிட்டன் நீதிபதி இல்லாத நீதிமன்றம் அமைந்தது. 2023-இல் ரஷ்யாவின் கிரில் கெவோர்கியன் ருமேனியாவின் போக்தான் அவுரெஸ்குவிடம் தோற்றதையும் உக்ரைன் போரை விலக்கிவிட்டு விளக்க முடியாது.

நீதிபதி பதவியேற்ற பின் யாருக்கும் கட்டுப்பட்டவர் அல்லர், எனவே அவர் எப்படி வந்தார் என்பது முக்கியமில்லை என்று சிலர் சொல்வர். 1952-இல் ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய் வழக்கில் பிரிட்டிஷ் நீதிபதி மெக்நேர் தம் நாட்டுக்கு எதிராக வாக்களித்தது இதற்கு நல்ல சான்று. ஆனால் ஒற்றை இடம் வழக்கின் போக்கைத் தீர்மானித்ததும் உண்டு. 1966-இல் தென்மேற்கு ஆப்பிரிக்கா வழக்கில் நீதிபதிகள் 7-க்கு 7 எனப் பிரிந்தனர். தலைவர் பெர்சி ஸ்பெண்டரின் கூடுதல் வாக்கால் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான மனு தள்ளுபடியானது. 2016-இல் மார்ஷல் தீவுகள் பிரிட்டனுக்கு எதிராகத் தொடுத்த அணு ஆயுத வழக்கும் 8-க்கு 8 என நின்று, அதேபோல் தலைவரின் வாக்காலேயே முடிந்தது. கிரீன்வுட் அதில் பிரிட்டனுக்குச் சாதகமாக நின்றார். நாடுகள் இந்த இடங்களுக்காக மல்லுக்கட்டுவதில் வியப்பில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தகுதியை மட்டும் பார்க்கச் சொன்னால், தகுதி எதுவென்று முடிவு செய்பவர்கள் மேற்கத்தியச் சட்டக் கல்வியாளர்களாகவே இருப்பார்கள். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்கு அந்த அவையில் இடம் கிடைத்தது அரசியலால்தான். இது பெரும்பாலும் உண்மை. அதனால்தான் தேர்ந்தெடுக்கும் உரிமையை நிபுணர்களிடம் ஒப்படைக்கும் யோசனை தவறானது. ஆனால் எல்லா வேட்பாளருக்கும் குறைந்தபட்சத் தகுதியை உறுதி செய்வது வேறு. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வேட்பாளர்களை ஓர் ஆலோசனைக் குழு மதிப்பிடுகிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கும் 2010 முதல் அத்தகைய குழு உண்டு. இரண்டு இடங்களிலும் இறுதி வாக்கு நாடுகளின் பிரதிநிதிகளிடமே உள்ளது.

சர்வதேச நீதிமன்றத்தில் இதற்கான வழி, அதன் முன்னோடி நீதிமன்றத்துக்காக 1920-லேயே வகுக்கப்பட்டது. எலிஹு ரூட் உள்ளிட்ட சட்ட அறிஞர்கள், அரசுகள் நேரடியாக வேட்பாளரை நிறுத்தாமல் நிரந்தர நடுவர் மன்றத்தின் தேசியக் குழுக்களே நிறுத்தும்படி செய்தனர். ஒரு குழு அதிகபட்சம் 4 பேரை முன்மொழியலாம். அவர்களில் சொந்த நாட்டவர் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. பல நாடுகளில் இக்குழு அமைச்சகத்தின் விருப்பத்துக்கு ஒப்பமிடும் நிலையிலேயே இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தையும் சட்டக் கல்லூரிகளையும் கலந்தாலோசிக்குமாறு நீதிமன்றச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு பரிந்துரைக்க மட்டுமே செய்கிறது. அந்தச் சட்டத்தைத் திருத்தப் பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளின் ஒப்புதலும் வேண்டும். ஆனால் ஒரு நாடு தன் தேசியக் குழுவில் அமைச்சக அதிகாரிகளைத் தவிர்க்கவும், விண்ணப்பங்களை வெளிப்படையாகக் கோரவும், கலந்தாய்வின் விவரத்தை வெளியிடவும் யாருடைய ஒப்புதலும் தேவையில்லை.