காப்புறுதிப் பேரேடும் நோயின் வரலாறும்: தாய்வான் பற்றிய சில குறிப்புகள்

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் பொறித்தோர் சமூக வரலாறு எழுதும் நோக்குடன் அவற்றைப் பொறிக்கவில்லை. தானமும் வரிநீக்கமும் நிலவுரிமையுமே அவர்தம் கருமங்களாயிருந்தன. எனினும் நொபொரு கராஷிமா போன்றோர் அச்சாசனங்களிற் பயிலும் பெயர்களையும் நிலவுடைமைச் சொற்களையும் எண்ணிக் கணக்கிட்டபொழுது நிலவுறவுகளின் மாற்றம் புலப்படலாயிற்று. ஒரு தேவைக்காக எழுதப்பட்டதைப் பிறிதொரு வினாவுடன் வாசிக்கும் இம்முறை மருத்துவ ஆய்விலும் இன்று பெருவழக்காகியுள்ளது. அரசாங்கச் சுகாதாரக் காப்புறுதியின் கொடுப்பனவுப் பதிவுகளை ஆய்வுக்குப் பயன்படுத்துவதையே இங்குக் குறிப்பிடுகின்றோம். இம்முறையின் பயனும் அதன் முரண்பாடுகளும் ஒருங்கே தெரியுமிடம் தாய்வான்.

அங்கு 1950இல் தொழிலாளர் காப்புறுதியும் 1958இல் அரசாங்க ஊழியர் காப்புறுதியும் தோன்றின. குவோமிந்தாங் கட்சியின் இராணுவச் சட்ட ஆட்சி நிலவிய காலம் அது (1949-1987). உழைப்புச் சக்தியை விற்பவன் காப்புறுதி பெற்றான். அவனுடைய பிள்ளையும் முதிய தாயும் வெளியே நின்றனர். 1990களின் தொடக்கத்திலும் மக்களிற் பத்தில் நால்வர் வரை எக்காப்புறுதியும் அற்றிருந்தனர். இராணுவச் சட்டம் நீங்கி, எதிர்க்கட்சியும் சமூக இயக்கங்களும் வலுவுற்ற சூழலிலேயே 1995 மார்ச் 1ஆந் திகதி அனைவரையும் ஒரே நிதியத்துட் கொணரும் தேசிய சுகாதாரக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. நிதியம் ஒன்றானமையாற் பேரேடும் ஒன்றாயிற்று. பணம் பெறவேண்டிய வைத்தியர் நோயின் குறியீடு, மருந்து, அளவு, நாள் ஆகியவற்றை எழுதி அனுப்பினர். 2000ஆம் ஆண்டளவில், ஆளடையாள இலக்கங்கள் மறைக்கப்பட்ட நிலையில் இப்பதிவுகள் ஆய்வாளர் கைக்கு எட்டின.

இதனால் விளைந்த பயனுக்கு ஓர் உதாரணம் காட்டலாம். அக்காப்புறுதி சீன மருத்துவத்தையும் உள்ளடக்கியது. ஆகவே அரிஸ்டலோகிக் அமிலம் கொண்ட மூலிகை மருந்துகளும் பேரேட்டில் இடம்பெற்றன. 2001, 2002 ஆகிய ஆண்டுகளிற் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 4,594 பேரை ஏனைய 174,701 பேருடன் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வு, மு தொங் என்னும் மூலிகையை 60 கிராமுக்கு மேற் பெற்றோரிடம் அந்நோய் மிகுந்திருந்தமையை நிறுவிற்று. இவ்வகை மருந்துகள் 2003 நவம்பரிலேயே தடைசெய்யப்பட்டிருந்தன. எனினும் கேடு எத்துணை என்பதைக் கணக்கிட உதவியவை, அம்மருந்துகளுக்குப் பணங் கொடுத்த பட்டியல்களே. நம்மவர் மருத்துவத்திற் பயிலும் ஆடுதின்னாப்பாளையும் அதே இனத் தாவரம் என்பது மனங்கொள்ளத்தக்கது. நமது அரசாங்க வைத்தியசாலைகள் நோயாளரிடம் கட்டணம் பெறுவதில்லை. எனவே கொடுப்பனவுப் பேரேடும் நமக்கில்லை. இலவச வைத்தியத்தை இழந்து பேரேட்டைப் பெறுவது நல்ல வாணிபமன்று.

பேரேட்டின் மௌனங்களும் நோக்கத்தக்கவை. பணங் கொடுக்கப்படாதது அதிலே பதியப்படுவதில்லை. நோயாளி புகைப்பவரா, எத்தகைய காற்றைச் சுவாசித்துத் தொழில் புரிந்தார், கடையில் நேரே வாங்கி உண்ட மூலிகை யாது என்பனவற்றை அது கூறாது. பரிசோதனைக்குப் பணம் பெறும் பொருட்டு எழுதப்பட்ட நோய்க்குறியீடு, நோயைச் சுட்டுவதாகவும் இருக்கலாம், வெறும் ஐயத்தைச் சுட்டுவதாகவும் இருக்கலாம். மறுபுறம், காப்புறுதிக் கட்டணம் ஊதியப்படியே அறவிடப்படுவதால் அப்பேரேட்டில் ஊதியமும் தொழிற்பிரிவும் உள்ளன. வர்க்கத்துக்கும் நோய்க்குமுள்ள தொடர்பை ஆராய இதனினும் சிறந்த மூலம் அரிது. ஆயினும் ஆய்வாளர் பலர் இப்பத்தியைக் கணக்கிலிருந்து கழித்து ஒதுக்கவேண்டிய இடையூறாகவே கருதுகின்றனர். மூலத்தின் குறை அன்று இது; வினாவின் குறை.

இப்பேரேடு யாருக்கு உரியது? 2012இல் மனித உரிமை ஆர்வலர் சிலர் தம் பதிவுகளைப் பிறருக்கு வழங்கலாகாது எனக் கோரினர். கோரிக்கை மறுக்கப்படவே வழக்குத் தொடுத்தனர். உயர் நிருவாக நீதிமன்றம் 2017இல் அவர்களுக்கெதிராகத் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்ட் 12இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இருபுறமும் நோக்கித் தீர்ப்பளித்தது: பொது நலனுக்கான ஆய்விற் சம்மதமின்றிப் பயன்படுத்துவது தன்னளவில் அரசியலமைப்புக்கு முரணன்று, ஆனாற் சுதந்திரமான மேற்பார்வையும், பதிவுகளைப் பேணுவதற்கும் பிறருக்கு வழங்குவதற்குமான தெளிந்த சட்டமும், விரும்பாதோர் விலகும் வழியும் இல்லாமை முரணானது. இவற்றைச் சீர்செய்ய மூன்றாண்டுத் தவணை வழங்கப்பட்டது.

விலகுவோர் பெருகினால் ஆய்வு பாழாகும் என அஞ்சுவோரின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. எல்லோரும் இடம்பெறுவதே அப்பேரேட்டின் வலிமை. எனினும் கட்டாயமாக அறவிடப்பட்ட பணமும் நோயுமே அதனை ஆக்கின. அவற்றைக் கொடுத்தோரை வெறுந் தரவாகக் கொண்டு, அதனை நாளை மருந்துக் கம்பனிகளுக்குத் திறந்துவிடும் அரசாங்கம் பொதுநலன் என்னும் சொல்லை எளிதில் உச்சரித்துவிடும். வழக்காடியோர் ஐயுற்றது ஆய்வையன்று, அச்சொல்லை யார் வரையறுப்பது என்பதையே.