ஷாக் பெட்டி பிறந்த கதை

முகப்பில் வரிசையாக 30 சுவிட்சுகள். முதல் சுவிட்சின் மேல் 15 வோல்ட் என்றும் கடைசி சுவிட்சின் மேல் 450 என்றும் எழுதியிருக்கும். இடையில் பதினைந்து பதினைந்தாக ஏறும். ‘லேசான ஷாக்’ என்று தொடங்கும் எழுத்து ‘ஆபத்து: கடும் ஷாக்’ வரை போகும். கடைசி இரண்டு சுவிட்சுகளுக்கு வார்த்தையே கிடையாது, மூன்று எக்ஸ் குறிகள் மட்டும். ஒன்றைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும், உர்ரென்று சத்தம் வரும், நீல விளக்கு மின்னும், மீட்டர் முள் வலப்பக்கம் சாயும், உள்ளே ரிலே ‘டக்’கென்று விழும். மாசசூசெட்ஸில் ஒரு கம்பெனி தயாரித்ததாகத் தகடும் பதித்திருந்தது. தகடும் பொய், ஷாக்கும் பொய்.

இதைச் செய்ய வைத்தவர் ஸ்டான்லி மில்கிராம். 1933இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியின் படுகொலைகளுக்கு ரயில் ஓட்டியவரும் பட்டியல் எழுதியவரும் சாதாரண மனிதர்கள்தானே, எப்படி முடிந்தது என்ற கேள்வி அவரை விடவே இல்லை.

ஆனால் பெட்டிக்கான பொறி வேறொரு இடத்தில் விழுந்தது. மில்கிராம் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளரிடம் உதவியாளராக இருந்தவர். அட்டையில் வரைந்த கோடுகளில் எது எதற்குச் சமம் என்று ஆஷ் கேட்பார். சோதிக்கப்படுபவரைத் தவிர அறையில் இருப்பவர்கள் சொல்லிவைத்தபடி தப்பாகச் சொல்வார்கள். சரியான விடை கண்ணெதிரே இருந்தும் பலர் கூட்டத்தோடு ஒத்துப்போனார்கள். கோட்டில் தப்பினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்தார் மில்கிராம். இன்னொரு மனிதனை வதைக்கச் சொல்லிக் கூட்டம் தூண்டினால்? அதை அளக்க வேண்டுமானால் முதலில் இன்னொன்று தெரிய வேண்டும்: கூட்டமே இல்லாமல், சோதனை நடத்துபவர் சொன்னதற்காக மட்டும் ஒருவர் எவ்வளவு தூரம் போவார்? ஒப்பிட்டுப் பார்க்க எழுந்த இந்தத் துணைக் கேள்வியே முழு ஆய்வாகிவிட்டது.

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதனை தொடங்கியது. நாஜி அதிகாரி ஐக்மன் மீது ஜெருசலேமில் வழக்கு நடந்த ஆண்டும் அதுதான். ஞாபகசக்தி பற்றிய ஆய்வு என்று நியூ ஹேவன் நாளிதழில் விளம்பரம். சம்பளம் 4 டாலர், வண்டிச் சத்தம் 50 சென்ட். வந்தவர் ‘ஆசிரியர்’. அடுத்த அறையில் நாற்காலியில் கட்டப்பட்ட 47 வயதுக் கணக்கர் ‘மாணவர்’. அவர் அந்த வேடத்துக்குப் பயிற்சி பெற்றவர். மாணவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் ஆசிரியர் அடுத்த சுவிட்சைத் தட்ட வேண்டும். மணிக்கட்டில் மின்வாய் வைக்கும் முன் கொப்புளம் வராமல் இருக்க ஒரு பசை தடவுவார்கள். அந்தப் பசைதான் என்னை உலுக்குகிறது. காயம் படாமல் பார்த்துக்கொள்கிறார்களே என்று பார்ப்பவர் நம்பிவிடுகிறார். ஆசிரியருக்கும் மாதிரிக்கு 45 வோல்ட் ஷாக் ஒன்று கொடுப்பார்கள். அது மட்டும் நிஜம்.

முன்னோட்டத்தில் மாணவர் சத்தமே போடவில்லை. அநேகமாக எல்லோரும் கடைசி சுவிட்சுவரை போய்விட்டார்கள். அதனால் எதிர்ப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று: 300 வோல்ட்டில் மாணவர் சுவரை உதைப்பார், பிறகு பதிலே வராது. ஆசிரியர் தயங்கினால் சாம்பல் நிறக் கோட்டு போட்ட சோதனை நடத்துபவர் “தயவுசெய்து தொடருங்கள்” என்பார். மிரட்டல் இல்லை, துப்பாக்கி இல்லை. 40 பேரில் 26 பேர் 450ஐத் தொட்டார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. அந்த 40 பேரில் பலர் வியர்த்தார்கள், உதட்டைக் கடித்தார்கள்; 14 பேர் அடக்க முடியாமல் நடுங்கிச் சிரித்தார்கள். 195ஐ அழுத்தியவர் 210ஐ மறுக்க என்ன காரணம் சொல்வார்? நிறுத்தினால் முன்பு அழுத்தியதெல்லாம் தப்பென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பெட்டியின் கொடுமை அந்தப் பதினைந்தில்தான் இருக்கிறது.

முடிவுகள் 1963இல் அச்சேறின. மறு ஆண்டே உளவியலாளர் டயானா பாம்ரிண்ட், நம்பி வந்தவர்களை இப்படி வதைக்கலாமா என்று எழுதினார். நியாயமான கேள்வி. ஏமாற்றப்பட்டவர்களின் வேதனை பொய் வேதனை அல்ல.

என்றாலும், 40க்கு 26 என்ற கணக்கோடு பேச்சை நிறுத்துகிறவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். மில்கிராம் ஏற்பாட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார். மாணவரை அதே அறையில் உட்கார வைத்தபோது கடைசிவரை போனவர்கள் நூற்றுக்கு 40 பேர். உத்தரவு போனில் வந்தபோது ஏறக்குறைய 20. உத்தரவிடுபவர்கள் இருவராகி, ஒருவர் நிறுத்தச் சொன்னபோது யாருமே கடைசிவரை போகவில்லை.

பிறகு தொடக்கத்தில் நினைத்த கூட்டத்தையே அறைக்குள் கொண்டுவந்தார், தலைகீழாக. ஆசிரியருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஆசிரியர்கள், இருவரும் மில்கிராமின் ஆட்கள். 150 வோல்ட்டில் ஒருவர் எழுந்து ஒதுங்கினார், 210இல் அடுத்தவர். அப்போது 40 பேரில் 36 பேர் முடிவுக்குப் போகாமல் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு கேட்டபோது அவர்களில் பெரும்பாலோர், அந்த இருவர் எழுந்திராவிட்டாலும் தாமாகவே நிறுத்தியிருப்போம் என்று சொன்னார்கள்.