பாலாற்றங்கரையும் பொதுச் சுகாதார அமைப்பும்

பொதுச் சுகாதாரம் என்றவுடன் மருத்துவமனையையும் மருந்தையும் நினைத்தல் இயல்பு. எனினும், ஓர் ஊரின் நலத்திற்கு முதற்கண் வேண்டுவன தூய குடிநீரும் கழிவுநீரை அகற்றும் வழியுமே. இவ்வுண்மையை வாணியம்பாடி வட்டாரத்தின் வரலாறு கொண்டு ஈண்டு நிறுவ முயல்வோம்.

1939ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. இந்திய மாகாணங்களுள் இத்தகைய சட்டத்தை முதலில் கண்டது இதுவே. நீர் வழங்கல், கழிவுநீர் வடிகால், தொற்றுநோய்த் தடுப்பு ஆகியன அதன்கண் இடம்பெற்றன. ஆகவே, சட்டம் இன்மையாற் பாலாறு கெட்டது எனல் பொருந்தாது.

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடுதல் நெடுநாளைய தொழில். முன்னர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பெரிதும் பயன்பட்டன. 1970களில் நடுவணரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலை ஊக்குவித்தது. அதனால் குரோமிய உப்புகொண்டு பதனிடும் முறை பெருகிற்று. அயல்நாட்டுச் செலாவணி வந்தது. உடன் வரவேண்டிய கழிவுநீர்த் தூய்மை நிலையங்கள் வரவில்லை. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாறு. அதன் நீர் மணலுக்கு அடியில் நிற்பது. மேலே விடப்பட்ட கழிவு மணலூடே இறங்கிக் கிணறுகளை அடைந்தது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாதலையும், தோற்றொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாது போனதையும் அது சுட்டிற்று. தீங்கு நேருமுன் காத்தல், மாசு செய்தவரே ஈடுசெய்தல் என்னும் இரு நெறிகளும் நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என அது உறுதி செய்தது. பொதுத் தூய்மை நிலையங்களும் 1990களிலேயே எழுந்தன. எனினும், 2025 சனவரியிலும் இழப்பீட்டையும் ஆற்றின் சீரமைப்பையும் அந்நீதிமன்றம் வலியுறுத்த நேர்ந்தது.

தொழிலை ஒழித்தலே தீர்வு என்பார் உளர். யாம் அதற்கு உடன்படோம். தோற்சாலையில் உழைப்பாரும் அக்கரையின் நீரையே நம்பி வாழ்பவர். அவருக்குக் கூலியும் வேண்டும், குடிநீரும் வேண்டும். தொழில் தொடங்கும்பொழுதே வடிகாலும் தூய்மை நிலையமும் அமைத்திருப்பின், பின்னர் வழக்கும் இழப்பீடும் வேண்டா. பொதுச் சுகாதார அமைப்பு தொழிலுக்குப் பின்வருவதன்று, உடன்வருவது என்பதே இவ்வரலாற்றாற் பெறப்படும் முடிபு.